குழந்தை ஆஸ்பத்திரியில், அடுப்பு செஞ்சியில்

(செஞ்சியில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் குடும்பங்களிடையே நிகழ்த்திய பேச்சு)



கூலி, நிலம், ரேஷன் என்று எத்தனையோ விஷயங்களை நாம் இப்படிக் கூடிப் பேசியிருக்கிறோம். இன்று பேச வந்திருப்பது பார்வைக்குச் சின்ன விஷயம். எடை போட்டால் ஒன்றரைக் கிலோ கூட வராது. மாதம் நிரம்பாமல் பிறந்து, ஆஸ்பத்திரியில் ஒரு மாதம், ஒன்றரை மாதம் என்று கிடந்து தேற வேண்டிய குழந்தையைப் பற்றிப் பேசப்போகிறோம். குழந்தை அங்கே கிடக்கும் நாட்களில் அதன் வீடு இங்கே எப்படி நடக்கிறது என்பதையும் பேசப்போகிறோம்.

“இது டாக்டர்கள் விஷயம், இதில் நமக்கென்ன வேலை?” என்று யாரேனும் கேட்கலாம். ஊசியும் மருந்தும் டாக்டர்கள் விஷயம்தான். நாங்கள் அதில் தலையிடவில்லை. ஆனால் குழந்தை முழுதும் தேறும்வரை ஆஸ்பத்திரியில் இருக்குமா, அல்லது “எங்கள் பொறுப்பில் கொண்டுபோகிறோம்” என்று கையெழுத்துப் போட்டுப் பாதியில் தூக்கி வந்துவிடுவோமா என்பதை ஏழை வீட்டில் டாக்டர் முடிவு செய்வதில்லை. அடுப்பு முடிவு செய்கிறது. வாரத் தவணை வாங்க வாசலில் வந்து நிற்பவர் முடிவு செய்கிறார். பால் கறக்க ஆளில்லாத மாடும், பார்த்துக்கொள்ள ஆளில்லாத மூத்த பிள்ளையும் முடிவு செய்கின்றன. ஆகவே இது நம்முடைய விஷயமும்தான்.

இது எங்கேயோ ஒரு வீட்டில் நடப்பது என்றும் நினைக்க வேண்டாம். 37 வாரம் நிரம்பும் முன் பிறப்பதைக் குறைப்பிரசவம் என்கிறார்கள். 2020-ம் ஆண்டில் மட்டும் உலகத்தில் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் இப்படிப் பிறந்ததாக உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டது. பத்துக் குழந்தையில் ஒன்றுக்கு மேல். அதில் ஏறக்குறைய 30 லட்சம் குழந்தைகள் இந்தியாவில் பிறந்தவை. செஞ்சியைச் சுற்றியுள்ள எந்தத் தெருவிலும் ஒரு வீட்டுக்கு இது நேரலாம்.

ஒரு குடும்பத்தின் ஒரு நாள்

ஒரு குடும்பத்தை மனதில் வைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம்; இங்கே உட்கார்ந்திருக்கும் யாருடைய குடும்பமாகவும் அது இருக்கலாம். தகப்பனார் அரிசி ஆலையில் மூட்டை சுமக்கிறார். தாய் நடவுக்கும் களைக்கும் மல்லாட்டை ஆயவும் போகிறவர். ஒரு மூத்த பெண் குழந்தை, ஒரு கிழவி, கடனில் வாங்கிய ஒரு பசு. எட்டாம் மாதம் தொடங்குவதற்குள் வலி கண்டுவிட்டது. 108 வண்டி வந்தது. விழுப்புரத்துக்குப் பக்கத்தில் முண்டியம்பாக்கத்தில் 2010-ல் வந்த அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ, புதுச்சேரி ஜிப்மருக்கோ கொண்டுபோகிறார்கள். குழந்தை பிழைத்துக்கொண்டது. முதல் இரண்டு நாள் உறவு ஜனம் எல்லாம் ஓடிவந்து பார்க்கிறது. மூன்றாம் நாள் அவரவர் வேலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். உண்மையான கஷ்டம் அதற்குப் பிறகுதான் ஆரம்பம்.

விடியும் முன்பே தாய் எழுந்துவிடுகிறாள். எழுந்தாள் என்று சொல்வதே பிசகு, அவள் தூங்கவேயில்லை. இரவும் பகலும் இரண்டு மூன்று மணிக்கொரு தரம் பாலைப் பீய்ச்சிக் கொடுக்க வேண்டும். 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கு உறிஞ்சுவதும் விழுங்குவதும் மூச்சு விடுவதும் ஒருசேரக் கைகூடுவதில்லை. ஆகவே முதலில் குழாய் வழியாகவும், பிறகு பாலாடையாலும் புகட்டுகிறார்கள். நம் பாட்டிமார் வைத்திருந்த அதே பாலாடைதான். பெரிய ஆஸ்பத்திரிகளின் குழந்தை வார்டுகளிலும் இன்று அது புழங்குகிறது. முதல் நாட்களில் ஒரு வேளைக்குச் சில சொட்டுத்தான் சேரும். அதைப் பார்த்து, “எனக்குப் பால் இல்லை” என்று தாய் அழுகிறாள். பால் இல்லாமல் போகவில்லை. எடுக்க எடுக்கத்தான் ஊறும். பசித்த வயிற்றோடும் பயந்த மனதோடும் இருப்பவளுக்கு இதைப் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

காலையில் குழந்தையை எடை போடுகிறார்கள். பிறந்த எடையைவிடக் குறைந்திருக்கும். குறைமாதக் குழந்தை முதலில் எடை குறைந்து, பிறந்த எடையைத் திரும்பத் தொடவே பத்து நாள், இரண்டு வாரம் ஆகும் என்பது வார்டில் இருப்பவர்களுக்குத் தெரியும், குடும்பத்துக்குத் தெரியாது. “பத்து நாளாயிற்று, ஒரு கிராம் கூட ஏறவில்லை, இங்கே வைத்திருந்து என்ன பிரயோஜனம்?” என்ற பேச்சு அப்போதுதான் கிளம்புகிறது.

இங்கே செஞ்சியில் அதே காலை எப்படி இருக்கிறது? கிழவி மாட்டைக் கறந்து, பெண்ணுக்குத் தலை வாரி, பள்ளிக்கூடம் அனுப்புகிறாள். அரசுத் தொடக்கப் பள்ளியில் காலைச் சாப்பாடும் மத்தியான சாப்பாடும் கிடைத்துவிடுகின்றன. 2022-ல் தொடங்கிய காலை உணவு இந்த மாதிரி வீட்டுக்குப் பெரிய உதவி. ஆனால் ராத்திரிச் சாப்பாடு இருக்கிறது. லீவு நாள் இருக்கிறது. அம்மா எப்போது வருவாள் என்று அந்தப் பெண் கேட்கும் கேள்வியும் இருக்கிறது.

தகப்பனார் ஆலைக்குப் போகிறார். போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. வேலை முடிந்ததும் தூக்குப் பாத்திரத்தில் சோற்றை எடுத்துக்கொண்டு பஸ் ஏறுகிறார். 2021 மே மாதத்தில் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆயிற்று. வெளியூர் பஸ் ஏறும் ஆண் தொழிலாளிக்கு அந்தச் சலுகை இல்லை. போய்ச் சேர்ந்தால், பல ஆஸ்பத்திரிகளில் தாய்மார் வார்டுக்குள் ஆண்களை நெடுநேரம் விடுவதில்லை. பாத்திரத்தைக் கொடுத்துவிட்டு, ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, கடைசி பஸ்ஸுக்கு ஓடிவருகிறார். மறுநாள் மறுபடியும் மூட்டை. இப்படி நாற்பது நாள்!

மருந்துக்குக் காசில்லை, மற்றதுக்கெல்லாம் உண்டு

சர்க்கார் ஆஸ்பத்திரியில் வைத்தியத்துக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை என்பது ஜனங்களுக்குக் கிடைத்த பெரிய உரிமை. அதைக் குறைத்துச் சொல்ல வேண்டாம். 2011 ஜூன் 1-ந் தேதி தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி, சர்க்கார் ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்கும், நோயுற்ற பச்சைக் குழந்தைக்கும் மருந்து, பரிசோதனை, ரத்தம், ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் வண்டி, வீட்டுக்குத் திரும்பும் வண்டி எல்லாம் இலவசம். முதலில் பிறந்து 30 நாள் வரைக்கும் என்றிருந்ததைப் பிறகு ஒரு வயது வரை நீட்டினார்கள். இவற்றுக்கு யாராவது காசு கேட்டால் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை. ஏன் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

ஆனால் அந்தத் திட்டத்தின் ஏட்டைப் பாருங்கள். தாய்க்குச் சாப்பாடு சுகப்பிரசவமானால் 3 நாள், வயிற்றைக் கிழித்து எடுத்தால் 7 நாள் என்று எழுதியிருக்கிறது. குறைமாதக் குழந்தையோ நாற்பது நாள் கிடக்கிறது. எட்டாம் நாளிலிருந்து அந்தத் தாயின் சாப்பாடு என்ன என்பதை வார்டில் முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இல்லையென்றால், பால் சுரக்க வேண்டியவள் டீயும் பன்னுமாக நாளைக் கழிப்பாள்.

பஸ் சார்ஜ், வெந்நீர், சோப்பு, துணி, போன், துணைக்கு இருக்கும் கிழவியின் சாப்பாடு என்று தினமும் கைக்காசு கரைகிறது. அத்தோடு தாயின் கூலி முழுதும் போயிற்று. தகப்பனின் கூலியில் பாதி போயிற்று. முதலில் காதில் கிடந்தது அடகுக்குப் போகிறது. பிறகு குழுக் கடன். அதற்கு வாரத் தவணை. மூன்றாவதாக மாட்டின் மேல் கண் போகிறது. இந்த நிலைக்கு வந்தபிறகுதான் குடும்பம் டாக்டரிடம் போய், “வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்” என்று கேட்கிறது. அதைக் கேட்டு, “படிக்காத ஜனங்கள், பிள்ளையின் அருமை தெரியாதவர்கள்” என்று சொல்பவர்கள் உண்டு. பிள்ளையின் அருமை தெரியாமலா அந்தத் தாய் நாற்பது இரவு உட்கார்ந்திருந்தாள்? அவர்களுக்குத் தெரியாமல் இல்லை, தாங்க முடியவில்லை.

சட்டம் எங்கே நின்றுவிட்டது?

உலகத் தொழிலாளர் ஸ்தாபனம் 1919-ல் கூடிய முதல் மாநாட்டிலேயே பிரசவ கால லீவு பற்றி ஓர் ஒப்பந்தம் செய்தது. பிரசவத்துக்கு முன் 6 வாரம், பின் 6 வாரம். வேலைக்குத் திரும்பியபின் பால் கொடுக்க நாளுக்கு இரண்டு அரைமணி நேரம். ஆனால் அது ஆலைக்கும் கடைக்கும்தான். வயலில் வேலை செய்யும் பெண் அதில் இல்லை. பம்பாய் மாகாணத்தில் 1928-ல் பிரசவ கால மசோதா சட்டசபைக்கு வந்தபோது டாக்டர் அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். 1929-ல் அது சட்டமாயிற்று. அதுவும் ஆலைப் பெண்களுக்கே. 1961-ல் நாடு முழுமைக்கும் மகப்பேறு சட்டம் வந்தது. 2017-ல் சம்பளத்தோடு கூடிய லீவு, முதல் இரண்டு பிரசவங்களுக்கு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது. 2020-ல் இயற்றிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் இவையெல்லாம் சேர்க்கப்பட்டன.

ஆலையில் வேலை செய்யும் பெண்கள் ஒரு விஷயத்தைக் கவனமாகக் கேட்க வேண்டும். குறைமாதத்தில் குழந்தை பிறந்து அதனால் உடம்புக்கு முடியாமல் போனால், சாதாரண லீவுக்கு மேல் இன்னும் ஒரு மாதம் வரை சம்பளத்தோடு லீவு கொடுக்க வேண்டும் என்று 1961 சட்டத்திலேயே எழுதப்பட்டது. டாக்டர் சர்டிபிகேட்டைக் காட்டிக் கேட்க வேண்டும். இந்தப் பிரிவு இருப்பது தெரியாமலே வேலையை விட்டுவிடும் பெண்கள் உண்டு. சட்டத்தின் பலனைப் பெற, பிரசவத்துக்கு முந்தின 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும். அந்த 80 நாளும் ரிஜிஸ்டரில் ஏறியிருக்க வேண்டும். வருஷக் கணக்கில் உழைத்தும் பெயர் புத்தகத்தில் இல்லை என்றால், சட்டம் வாசலோடு நின்றுவிடும். ஆகவே ரிஜிஸ்டரில் பெயர் ஏற்றச் சொல்லும் கோரிக்கையும் குழந்தையின் உயிரைப் பற்றிய கோரிக்கைதான்.

வயலில் வேலை செய்யும் தாய்க்கோ முதலாளி என்று ஒருவர் இல்லை. இன்று ஒரு கொல்லை, நாளை ஒரு கொல்லை. அவளுக்கு இருப்பது தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் உள்ள மகப்பேறு நிதி உதவி. 2011-ல் அது 12,000 ரூபாய். பிறகு 18,000 ஆயிற்று. அது தவணை தவணையாக வருவது. கர்ப்பம் தரித்தவுடனே கிராம சுகாதார நர்ஸிடம் பதிவு செய்து நம்பர் வாங்கினால்தான் உண்டு. தகப்பனுக்கு? மத்திய சர்க்காரின் ஆண் ஊழியருக்கு மனைவியின் பிரசவத்துக்கு 15 நாள் லீவு உண்டு. மூட்டை சுமப்பவருக்கும் ஏர் பிடிப்பவருக்கும் அப்படி ஒன்று இல்லை.

மார்போடு அணைப்பதும் வைத்தியம்தான்

தாய் அங்கே இருந்தாக வேண்டுமா, குழந்தையை நர்ஸுகளிடம் விட்டுவிட்டு வேலைக்கு வரக்கூடாதா என்று சில வீடுகளில் கேட்கிறார்கள். இதற்கு உலகம் கண்ட பதிலைச் சொல்கிறோம்.

தென்னமெரிக்காவில் கொலம்பியா என்ற ஏழை நாடு. அதன் தலைநகர் பொகோட்டாவில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி. குறைமாதக் குழந்தைகளைச் சூடாக வைக்கும் கண்ணாடிப் பெட்டிகள் அங்கே போதவில்லை. ஒரே பெட்டியில் பல குழந்தைகளை வைத்ததால் நோய் தொற்றியது. எட்கர் ரே என்ற டாக்டர் 1978-ல் வேறு வழி கண்டார். குழந்தையை வெறும் உடம்போடு தாயின் மார்பில், தோலோடு தோல் படும்படி நிமிர்த்தி வைத்துத் துணியால் கட்டிவிட்டார். கங்காரு என்ற விலங்கு குட்டியை மடியில் சுமப்பது போல இருந்ததால் அதற்குக் கங்காரு முறை என்றே பெயர் வந்தது. பெட்டி வாங்கப் பணமில்லாத நாட்டில் பிறந்த அந்த முறையை இன்று பணக்கார நாடுகளும் கைக்கொள்கின்றன.

பிறகு இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளின் ஆஸ்பத்திரிகளில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். நம் நாட்டில் டில்லி சப்தர்ஜங் ஆஸ்பத்திரி. 1 கிலோ முதல் 1.8 கிலோ வரை எடையுள்ள 3,200-க்கு மேற்பட்ட குழந்தைகள். உடல் நிலைப்படும்வரை காத்திருக்காமல் பிறந்தவுடனே மார்போடு அணைத்து வைத்த குழந்தைகளில் 28 நாளுக்குள் இறந்தவை நூற்றுக்கு 12. பழைய முறைப்படி தனியே வைத்துப் பிறகு அணைத்தவற்றில் ஏறக்குறைய 16. இந்த முடிவு 2021-ல் வெளிவந்தது. 2022-ல் உலக சுகாதார ஸ்தாபனம், பிறந்தவுடனே இந்த முறையைத் தொடங்க வேண்டும், நாளுக்கு 8 மணி முதல் 24 மணி நேரம் வரை அணைத்திருக்க வேண்டும் என்று எல்லா நாடுகளுக்கும் சொன்னது.

நாளுக்கு எட்டு மணி நேரம் என்றால் என்ன, தோழர்களே? அது ஒரு ஷிப்ட்! அந்தத் தாய் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. ஒரு முழு ஷிப்ட் வேலை செய்துகொண்டிருக்கிறாள். அதற்கு மேலும் ராத்திரி ஓவர்டைம். “அவள் ஆஸ்பத்திரியில் ஓய்வாக இருக்கிறாள்” என்று இனி யாரும் சொல்லக்கூடாது.

இதில் நல்ல சேதி ஒன்றும் இருக்கிறது. தாய்தான் அணைக்க வேண்டும் என்பதில்லை. பாட்டி அணைக்கலாம், அத்தை அணைக்கலாம். தகப்பனின் மார்பும் அதே சூடுதான். மூட்டை சுமந்த மார்பு என்று கூச வேண்டாம். குளித்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான துணி உடுத்திக்கொண்டால் போதும். ஆஸ்பத்திரியில் கேட்டு, அனுமதி கிடைக்கும் நேரத்தில் தகப்பன் இரண்டு மணி நேரம் வைத்துக்கொண்டால் தாய் இரண்டு மணி நேரம் கண்ணயரலாம்.

பெற்றவர்களைப் பிள்ளையிடமிருந்து தள்ளி வைப்பது ஒரு காலத்தில் பெரிய தேசங்களிலும் வழக்கமாக இருந்தது. பிரிட்டனில் 1959-ல் பிளாட் கமிட்டி என்ற குழு, ஆஸ்பத்திரியில் கிடக்கும் குழந்தையைப் பெற்றோர் எந்நேரமும் பார்க்க விட வேண்டும், சிறு பிள்ளைகளோடு தாய் தங்க இடம் கொடுக்க வேண்டும் என்று சர்க்காருக்கு எழுதிக் கொடுத்தது. கேட்டதால் மாறியது. நாமும் கேட்கலாம்: துணைக்கு வந்தவர் படுக்கக் கூரையுள்ள ஓர் இடம், குடிக்க வெந்நீர், தகப்பன் பிள்ளையை அணைக்க ஒரு மணி நேரம். இதைச் சண்டையாகக் கேட்க வேண்டியதில்லை. அங்கே ராப்பகல் நிற்கும் நர்ஸுகளும் கூலிக்கு உழைப்பவர்கள்தான். அவர்களோடு நாம் விரோதம் கொள்ளவில்லை.

தெரு என்ன செய்ய வேண்டும்?

நம் ராஜகிரியைப் பாருங்கள். 1690-ல் மொகலாயப் படை செஞ்சியை முற்றுகையிட்டது. கோட்டையைப் பிடிக்க 1698 வரை ஆயிற்று. 2025-ல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் அது சேர்ந்தபோது மதிலைப் படம் பிடித்துப் போட்டார்கள். மலையடியில் இருக்கும் களஞ்சியங்களையும், மேலே வற்றாமல் வைத்திருந்த சுனைகளையும் நாம் மறக்கக்கூடாது. சோறும் தண்ணீரும் இல்லாமல் மதிலை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் நாளைக் கடத்த முடியாது. நாற்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடக்கும் குடும்பமும் முற்றுகைக்குள் இருக்கும் குடும்பம்தான். வைத்தியம் மதில், களஞ்சியம் நம் தெருவில் இருக்கிறது.

ஆகவே நாங்கள் சொல்வது இதுதான். எந்த வீட்டுக் குழந்தை இப்படிக் கிடந்தாலும், அந்தத் தெருவில் நாலு வீடு சேர்ந்து ஒரு முறை போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு வீடு மூத்த பிள்ளைக்கு ராத்திரிச் சோறு போடட்டும். ஒரு வீடு மாட்டைக் கறந்து, பாலை ஊற்றி, கணக்கை எழுதி வைக்கட்டும். முண்டியம்பாக்கம் பக்கமோ புதுச்சேரிப் பக்கமோ போகிறவர் யார் என்று பார்த்து அவர் கையில் சோற்றைக் கொடுத்தனுப்பினால், தகப்பனுக்கு வாரத்தில் மூன்று நாளாவது பஸ் சார்ஜும் கால் கடுப்பும் மிச்சம். வாரத்துக்கொரு நாள் ஒரு பெண் போய் அங்கே தங்கினால் கிழவி வீட்டுக்கு வந்து குளித்துப் போவாள். ஆலையில் உடன் வேலை செய்பவர்கள் மேஸ்திரியிடம் பேசி, அவருக்கு ஏற்றபடி ஷிப்டை மாற்றிக் கொடுக்கலாம். குழுக் கடனில் உள்ள பெண்கள் கூடிப் பேசி, அந்த வீட்டுத் தவணைக்கு அவகாசம் கேட்கலாம். இதில் ஒன்றுக்கும் பெரும் பணம் தேவையில்லை.

போய்ப் பார்க்கிறவர்களும் சில விஷயங்களைக் கடைப்பிடிக்க வேண்டும். கூட்டமாகப் போகாதீர்கள். சளி, இருமல் இருந்தால் போகவே வேண்டாம். சேனை வைக்கிறோம் என்று தேனையோ சர்க்கரைத் தண்ணீரையோ அந்தக் குழந்தையின் நாக்கில் தடவாதீர்கள். ஒரு சொட்டு கூட ஆபத்து. “எங்கள் ஊரில் இப்படித்தான் ஒரு பிள்ளை...” என்று பயமுறுத்தும் கதையை அந்தத் தாயிடம் சொல்லாதீர்கள். எட்டு மாதத்தில் பிறந்த பிள்ளை தங்காது, பெண் பிள்ளைக்கு இவ்வளவு செலவா என்ற பேச்சுக்கள் நம் தெருவிலேயே கிடையாது என்று ஆக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகும் வேலை முடிந்துவிடவில்லை. அணைத்து வைப்பது தொடர வேண்டும். அடுப்புப் புகை, பீடிப் புகை இரண்டும் ஆகாது. முக்கியமாக ஒன்று: 2 கிலோவுக்குக் குறைந்தோ, 34 வாரத்துக்கு முன்போ பிறந்த குழந்தைக்குப் பிறந்து 30 நாளுக்குள் கண் பரிசோதனை நடந்தாக வேண்டும். கண்ணின் உள்திரையில் ரத்த நாளங்கள் கோணலாக வளர்ந்து பார்வையையே கெடுத்துவிடக்கூடும். வெளியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. காலத்தில் கண்டால் வைத்தியம் உண்டு. காலம் தவறினால் திரும்பப் பெற முடியாது. அறுவடை, நடவு என்று அந்த ஒரு நாளைத் தள்ளிப்போடாதீர்கள். சீட்டில் எழுதியிருக்கும் தேதியைப் பக்கத்து வீட்டாரும் ஞாபகம் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

தாய்மார்களே, தோழர்களே! ரிஜிஸ்டரில் பெயர், வயல் வேலை செய்யும் தாய்க்கும் கூலியோடு லீவு, பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடக்கும் தகப்பனுக்குச் சில நாள் லீவு, ஆஸ்பத்திரியில் துணைக்கு இருப்பவருக்குச் சோறும் படுக்க இடமும் ஆகிய இவை நம் கோரிக்கைப் பட்டியலில் ஏற வேண்டும். இவை வருவதற்கு நாளாகலாம். அதுவரைக்கும் எந்தக் குழந்தையும் காத்திருக்க முடியாது. இன்று இரவே உங்கள் தெருவில் எந்த வீட்டில் விளக்கு எரியவில்லை, எந்தப் பிள்ளை தனியாகத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். அந்த வீட்டிலிருந்து இந்த வேலையைத் தொடங்கலாம்.